ஜனவரி விடுமுறை: தில்லியிலிருந்து கழுகு பார்க்க எங்கே போகலாம்?

மயூர்விஹார்வாசி
நவம்பர் 28, இரவு 9:40

ஜனவரி முதல் வாரம் மகளுக்குப் பள்ளி விடுமுறை. கும்பகோணத்திலிருந்து அப்பாவும் வந்திருக்கிறார். மகளுக்குப் பத்து வயது, இந்த வருடம் பறவைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அதிலும் கழுகு, பருந்து, ஆந்தை மட்டும்தான். வாத்து, கொக்கெல்லாம் அவள் கணக்கிலேயே இல்லை. மாடியில் நின்றுகொண்டு காஸிப்பூர் குப்பைமேட்டுப் பக்கம் சுற்றும் பருந்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். விடுமுறையில் அவளைப் பெரிய கழுகுகள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன்.

அலுவலகத்தில் எல்லோரும் ராஜஸ்தானில் இருக்கிற பரத்பூர் பறவைச் சரணாலயம் என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் தால் சாப்பர், ஜோர்பீட், ஜெய்சல்மேர், வேளாவதர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அப்பாவுக்கு முட்டி வலி, அதிக தூரம் நடக்க முடியாது. சொந்தக் கார் உண்டு. எது உசிதம்? போனவர்கள் சொல்லுங்கள்.

ஆர்கேபுரம் அக்கா
நவம்பர் 28, இரவு 10:15

அப்பாவின் முட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். கதிர்க்குருவி தேடுகிறவர்கள்தான் புதர் புதராக நடக்கவேண்டும். கழுகு பார்ப்பது உட்கார்ந்து செய்கிற வேலை. திறந்தவெளி, ஒரு கார், ஒரு பைனாகுலர், பிளாஸ்கில் காபி, அவ்வளவுதான். இறங்கி நடந்தால்தான் பறவை எழுந்து போகும். காருக்குள் இருக்கிற மனிதரை அவை பெரும்பாலும் சட்டை செய்வதில்லை.

என் ஓட்டு தால் சாப்பருக்கு. ராஜஸ்தானில் சூரு மாவட்டம். சின்ன சரணாலயம், ஏழு சதுர கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். தட்டையான புல்வெளி, அங்கங்கே வன்னி மரம், நடுவே வெளிமான் கூட்டம். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத ஊர். குளிர்காலத்தில் ஸ்டெப்பி கழுகு, இம்பீரியல் கழுகு, பாம்புக் கழுகு, லகர் வல்லூறு, செந்தலை வல்லூறு எல்லாம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேல் பூனைப்பருந்துகள். சாயங்காலம் அவை தூங்க வருவதைப் பார்க்கத்தான் நான் போவேன், மற்றதெல்லாம் உபரி.

பரத்பூர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது முதலில் நீர்ப்பறவைகளின் ஊர். உங்கள் பெண்ணுக்கு வாத்து வேண்டாம் என்றால் அங்கே பாதி டிக்கெட் வீண்.

தூரக்கண்ணாடி
நவம்பர் 28, இரவு 11:02

பரத்பூரை அப்படித் தள்ளிவிட முடியாது அம்மா. பெரும்புள்ளிக் கழுகு குளிர்காலம் முழுக்க அங்கே இருக்கும். வாத்துக் கூட்டம் இருக்கிற இடத்தில்தான் அதற்கும் சாப்பாடு. இந்தியப் புள்ளிக் கழுகு அங்கேயே கூடு கட்டுகிறது. ஆந்தையும் பிடிக்கும் என்கிறார், பழுப்புநிறக் கொம்பன் ஆந்தையைப் பகலிலேயே மரத்தில் காட்டிவிடுவார்கள். முட்டி வலிக்காரருக்கு சைக்கிள் ரிக்‌ஷா உண்டு, ஓட்டுகிறவரே பறவை காட்டுகிறவர். பெயர் சொல்வதில் சிலர் நம்மை மிஞ்சுவார்கள்.

குழந்தைக்குக் காட்டவேண்டிய இன்னொன்றும் அங்கே இருக்கிறது. சமஸ்தான காலத்து வேட்டைக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அதே ஏரிக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கு 2002-க்குப் பிறகு வரவேயில்லை.

ஆனால் ஜனவரி முதல் வாரம் என்பதால் உங்கள் கட்சிக்கே நானும் வருகிறேன். பரத்பூரில் அந்த வாரம் பனிமூட்டம் விலகப் பல நாள் பதினொரு மணி ஆகிவிடும். ரிக்‌ஷாவில் உட்கார்ந்து வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ராஜஸ்தானின் வறண்ட பக்கத்திலும் மூட்டம் உண்டு, ஆனாலும் அங்கே வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

லென்ஸ்மணி
நவம்பர் 29, காலை 7:20

கழுகு எங்கேயும் பார்க்கலாம் சார். ராஜஸ்தான் வரை போய்விட்டுக் கானமயில் பார்க்காமல் திரும்பினால் அது என்ன பயணம்? இன்னும் சில வருடத்தில் இருக்குமோ இருக்காதோ. ஜெய்சல்மேர் போய்விடுங்கள். நானும் பிப்ரவரியில் போகலாம் என்று இருக்கிறேன். யாருக்காவது சரியான இடம் தெரிந்தால் தனிமடலில் லொகேஷன் அனுப்புங்கள்.

ஆர்கேபுரம் அக்கா
நவம்பர் 29, காலை 8:05

தம்பி, லொகேஷன் யாரும் அனுப்ப மாட்டார்கள். தெரிந்தவர்கள் நிச்சயமாக அனுப்ப மாட்டார்கள்.

கானமயிலில் மிச்சம் இருப்பதே நூற்றைம்பதுக்கும் குறைவு. வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை, அதையும் தரையில் இடுகிற பறவை. நாலு ஜீப் சுற்றி நின்றால் தாய் எழுந்துபோகும், அந்த இடைவெளி நாய்க்கும் நரிக்கும் போதும். உயரழுத்த மின்கம்பிதான் பெரிய எமன். பதினைந்து கிலோ வரை எடையுள்ள உடம்பு, கண் பக்கவாட்டில். நேர் எதிரே இருக்கும் கம்பி தெரியும்போது திரும்ப நேரம் இருக்காது. 2021-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு இடைஞ்சல் என்று அரசு போய் நின்றது, 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டார்கள். இது ஒரு பக்கம் நடக்க, சம் என்ற ஊரிலும் ராம்தேவ்ராவிலும் அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். அதுதான் இப்போதைக்கு நம்பிக்கை.

வனத்துறை வழியாக, அனுமதிச் சீட்டோடு, அவர்கள் காட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறேன் என்றால் போய் வாருங்கள். மயூர்விஹார் சாருக்கு அது வேண்டாம். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், குழந்தையை வைத்துக்கொண்டு தூரத்துப் புள்ளியைத் தேடுவது விடுமுறை ஆகாது.

லென்ஸ்மணி
நவம்பர் 29, காலை 8:31

அக்கா, கோபம் வேண்டாம். கேட்டுப் பார்த்தேன்.

முன்னாள் பீகானேர்
நவம்பர் 29, மதியம் 1:10

பாங்க் வேலையில் பீகானேரில் இருந்தவன் நான். தால் சாப்பர் போகிறவர்கள் அங்கேயே திரும்பிவிடாதீர்கள். இன்னும் மூன்று மணி நேரம் காரில் போனால் பீகானேர், அதை ஒட்டி ஜோர்பீட். சுற்றுவட்டாரத்தில் செத்த ஒட்டகம், மாடு எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போடுகிற இடம் அது. கேட்கும்போது முகம் சுளிக்கும். ஆனால் குளிர்காலத்தில் அங்கே இருக்கிற கழுகுக் கூட்டத்தை வேறு எங்கே பார்ப்பது? ஸ்டெப்பி கழுகுகள் நூற்றுக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருக்கும். பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு; அதில் மஞ்சள்முகப் பாறு மரம் மரமாக. கிரிஃபன் பாறு, இமயமலைப் பாறு, நடுவே ராட்சசன் மாதிரி சினேரியஸ் பாறு. அதன் சிறகு விரிப்பு மூன்று மீட்டரைத் தொடும்.

பக்கத்து மரங்களில் மஞ்சள்கண் புறாவையும் தேடுங்கள். மத்திய ஆசியாவில் கூடு கட்டிவிட்டு இந்த வறண்ட பக்கத்துக்குக் குளிர்காலம் கழிக்க வரும். அருகிவரும் இனம். கழுகைப் பார்க்கிற மும்முரத்தில் பலரும் அதை மாடப்புறா என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு விஷயம் கவனம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து வண்டியை நிறுத்துங்கள். அப்புறம் நாய்கள். சடலம் தின்று பழகிய பெரிய கூட்டம், மனிதரைக் கண்டு பயப்படாது. குழந்தையைக் காரைவிட்டு இறக்கவே வேண்டாம். வழியிலேயே ஒட்டக ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஒட்டகப் பாலில் ஐஸ்கிரீம் விற்பார்கள். குழந்தைக்கு நாற்றம் மறக்கும்.

கரோல்பாக் மாமி
நவம்பர் 29, மாலை 4:45

செத்த மாட்டைப் பார்க்கக் குழந்தையைக் கூட்டிப்போவதா என்று முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு நினைத்துப் பார்த்தால், எங்களைத் திருக்கழுக்குன்றம் கூட்டிப்போனார்களே, அங்கே வந்ததும் இதே மஞ்சள்முகப் பாறுதானே? மலையேறி உட்கார்ந்திருப்போம். உச்சிக்கால நேரத்துக்கு ஜோடியாக இறங்கும். குருக்கள் கையிலிருந்தே சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும். காசியிலிருந்து வருகிறது, ராமேசுவரம் போகிறது என்பார்கள். அது தொண்ணூறுகளோடு நின்றுபோயிற்று. அதற்கப்புறம் நான் அந்தப் பறவையையே பார்த்ததில்லை.

போகிற வழியில் சுஜான்கட் பக்கம் சாலாசர் பாலாஜி கோயில் இருக்கிறது. அனுமார் தாடி மீசையோடு இருப்பார், அப்படிப் பார்ப்பது அபூர்வம். அப்பாவுக்குப் பிடிக்கும். பீகானேர் தாண்டி தேஷ்ணோக்கில் எலிக்கோயில். முற்றத்துக்கு மேலே கம்பிவலை போட்டிருக்கிறார்கள், பருந்து இறங்கி எலியைத் தூக்கிவிடக் கூடாது என்று. உங்கள் பெண் பருந்து கட்சியா எலி கட்சியா என்று அங்கே தெரிந்துவிடும்.

ஹிசார் டாக்டர்
நவம்பர் 29, இரவு 9:30

நான் கால்நடை மருத்துவன், ஹிசாரில் இருக்கிறேன். மாமி சொன்னதையொட்டி ஒன்று எழுதவேண்டும்.

தொண்ணூறுகளில் நாடு முழுக்கப் பாறு குறைய ஆரம்பித்தது. பரத்பூரில்தான் முதலில் கவனித்தார்கள். நோய்க்கிருமி என்று பல வருடம் தேடினார்கள். 2004-இல்தான் காரணம் உறுதியானது: டைக்ளோஃபினாக், நாம் முதுகு வலிக்குப் போடுகிற அதே மருந்து. மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் ஊசி போடுவோம். போட்ட கொஞ்ச நாளுக்குள் மாடு செத்தால் மருந்து உடம்பிலேயே இருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் நின்றுபோகும், யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளை மாவாகப் படியும். சில நாளில் தலை தொங்கி விழுந்துவிடும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே ஓர் இனத்தை அழிக்கப் போதும், ஏனென்றால் ஒரு சடலத்துக்கு நூறு பாறு வரும். வருடத்துக்கு ஒரு முட்டை இடுகிற பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் நடுவே ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது.

கால்நடைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2006-இல் தடை வந்தது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023-இல் கீட்டோபுரொஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கால்நடைக்குத் தடையாயின. மெலாக்சிகாம் பாறுக்குக் கேடு செய்யாது, விலையும் அதிகமில்லை. எங்களிடம் வருகிற விவசாயிகளிடம் அதைத்தான் சொல்கிறோம். கேட்கிறவர் கேட்கிறார்.

பீகானேர் நண்பர் சொன்ன ஸ்டெப்பி கழுகும் இதில் மாட்டுகிறது. ராஜஸ்தானில் சடலம் போடும் இடத்தில் செத்துக் கிடந்த இரண்டு ஸ்டெப்பி கழுகுகளின் உடம்பில் அதே மருந்து, அதே சிறுநீரகச் சேதம். அது பாறு இனமே இல்லை, கழுகு. உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கும் பட்டியலில் அது 2015-இலேயே சேர்ந்துவிட்டது.

ஹிசார் வழியாகத்தான் போகப்போகிறீர்கள். டீ சாப்பிட நிறுத்தினால் ஒரு தகவல் போடுங்கள்.

மயூர்விஹார்வாசி
நவம்பர் 30, இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. தால் சாப்பர், அப்புறம் ஜோர்பீட் என்று முடிவு செய்துவிட்டேன். டாக்டர் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன், வீட்டு மருந்துப் பெட்டியைக் கொட்டி அட்டை அட்டையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் சில கேள்விகள். காலை எத்தனை மணிக்கு இருக்கவேண்டும்? பைனாகுலர் 8×42 வாங்குவதா 10×42 வாங்குவதா? ஒரு கழுகுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாது. எல்லாம் பழுப்பாக இருக்கிறது.

தூரக்கண்ணாடி
நவம்பர் 30, இரவு 10:20

குழந்தையும் பெரியவரும் கைமாற்றிப் பார்க்க 8×42 போதும். பத்து மடங்கில் கை நடுங்கினால் படமும் நடுங்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியற்காலை நாலு மணிக்குக் குழந்தையை எழுப்பும் பாவம் இதில் வேண்டாம். கழுகு கனமான பறவை. சிறகடித்தே பறந்தால் கட்டுப்படியாகாது. தரை சூடேறி வெப்பக்காற்று மேலே எழும்பும்போது அதில் ஏறிச் சுழன்றுகொண்டே போகும். குளிர்காலத்தில் அது பத்து மணிக்கு மேல்தான். அதுவரை தரையிலோ வன்னி மரத்திலோ தூங்குமூஞ்சியாக உட்கார்ந்திருக்கும். கிட்டத்தில் நிதானமாகப் பார்க்க அதுதான் நேரம். பத்திலிருந்து இரண்டு வரை வானத்தைப் பாருங்கள். நடுப்பகலில் கானல் ஆடும், தூரத்துப் படம் எடுத்துப் பயனில்லை. மூன்றரைக்கு மேல் புல்வெளிக்குத் திரும்பிப் பூனைப்பருந்துக்குக் காத்திருங்கள்.

அடையாளத்துக்கு வருவோம். நிறத்தை நம்பாதீர்கள், வயதுக்கு ஏற்ப மாறும். ஸ்டெப்பியா தவிட்டுக் கழுகா என்று சந்தேகம் வந்தால் வாயைப் பாருங்கள். மஞ்சள் உதட்டுக் கோடு கண்ணின் பின்விளிம்பு வரை போனால் ஸ்டெப்பி, கண்ணின் நடுவோடு நின்றால் தவிட்டுக் கழுகு. இளம் ஸ்டெப்பிக்குச் சிறகின் அடியில் நீளமாக வெள்ளைப் பட்டை ஓடும், பறக்கும்போது தெரியும். வளர்ந்த இம்பீரியலுக்குப் பிடரி வைக்கோல் நிறம், தோளில் இரண்டு வெள்ளைத் திட்டு. காற்றில் நின்ற இடத்திலேயே சிறகடிக்கிற பெரிய வெளிர் பறவை பாம்புக் கழுகு, தலை ஆந்தை போல உருண்டையாக இருக்கும். பறவை நேராக உங்களை நோக்கி வரும்போது தோள் இரண்டிலும் கார் விளக்கு மாதிரி வெள்ளைப் பொட்டுத் தெரிந்தால் பூட்டட் கழுகு.

பூனைப்பருந்து சுலபம். சிறகை வி வடிவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லுக்கு ஓர் ஆள் உயரத்தில் ஆடி ஆடிப் போகும். ஆந்தைப் பிரியையிடம் ஒன்று சொல்லுங்கள்: அதன் முகத்திலும் ஆந்தைக்கு இருப்பதுபோல வட்டத் தட்டு உண்டு, புல்லுக்குள் எலி ஓடும் சத்தத்தைக் கேட்டே பிடிக்கும். ஆணில் இரண்டு சாம்பல் நிறப் பறவைகள் குழப்பும். சிறகின் மேல்பக்கம் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் மான்டேகு. கோடு இல்லாமல், நுனியில் மட்டும் ஒடுங்கிய கறுப்பு ஆப்பு இருந்தால் பாலிட். பெண்களை முதல் பயணத்தில் பிரிக்க முயலவேண்டாம், குடும்பத்தில் சண்டை வரும்.

லென்ஸ்மணி
டிசம்பர் 1, காலை 7:45

படத்துக்கு ஒரு யோசனை. பூனைப்பருந்து இறங்கும் புல்லுக்குள் வண்டியைக் கொஞ்சம் விட்டால் நல்ல கோணம் கிடைக்கும். பலபேர் செய்கிறார்கள்.

ஆர்கேபுரம் அக்கா
டிசம்பர் 1, காலை 8:10

அந்தப் பலபேர் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அவை தூங்குவது தரையில், புல்லுக்குள். டயர் ஓடுகிற இடம் அவற்றின் படுக்கை. ஒரு தடவை கிளப்பிவிட்டால் இருட்டில் எங்கே போகும்? இரவில் நரி வரும். பாதையை விட்டு இறங்காதீர்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, பாதை ஓரமாக இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். பறவையே குறுக்கே போகும்.

தங்குவதற்கு வாசலிலேயே வனத்துறை விடுதி இருக்கிறது, அறை குறைவு, இப்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாப்பர் ஊரிலும் சுஜான்கட்டிலும் சின்ன விடுதிகள் உண்டு. கார் வேண்டாம் என்றால் தில்லி சராய் ரோஹில்லா ஸ்டேஷனிலிருந்து சுஜான்கட் வழியாக ஜோத்பூர் போகும் இரவு ரயில் உண்டு, ஆனால் ஜனவரி மூட்டத்தில் ரயிலை நம்புவது அவரவர் துணிச்சல். காரில் போனால் ரோத்தக், ஹிசார், சாதுல்பூர், சூரு, ரதன்கட் வழி. மூட்டம் கலைந்த பிறகே கிளம்புங்கள்.

கோசாலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். அங்கே உப்புத் தரையில் முள்வால் பல்லி வளைகள் நிறைய. லகர் வல்லூறுக்கு அதுதான் இட்லி. வன்னி மரத் தண்டில் புள்ளிபோட்ட சின்னப் பறவை ஒன்று ஒட்டிக்கொண்டு ஏறும். கழுகு இல்லை என்று உங்கள் பெண் சீந்த மாட்டாள், ஆனால் புள்ளி மரமேறியைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள்.

கரோல்பாக் மாமி
டிசம்பர் 1, காலை 11:30

புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். அங்கே பஜ்ரா ரொட்டியும் கேர் சாங்கிரியும்தான். சாங்கிரி என்பது நம் வன்னி மரத்துக் காய், ருசியாகவே இருக்கும், ஆனால் அப்பாவுக்கு ராத்திரி தயிர் சாதம் இல்லாமல் தூக்கம் வராதே.

மயூர்விஹார்வாசி
ஜனவரி 9, இரவு 9:15

போய் வந்தோம். படங்களை இணைத்திருக்கிறேன், பெரும்பாலும் மகள் எடுத்தவை, அதனால் பாதிக்கு மேல் வால்தான் இருக்கும்.

ஹிசார் வரை ஒன்றுமே தெரியவில்லை, லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போனோம். டாக்டர் வீட்டு டீக்கு நன்றி. சூரு தாண்டியதும் வானம் சட்டென்று திறந்தது.

அக்கா சொன்ன சாயங்காலத்தைப் பற்றி எழுதவேண்டும். நாலு மணி வரை புல்வெளியில் வெளிமானைத் தவிர ஒன்றும் இல்லை. அப்பா காரிலேயே தூங்கிவிட்டார். நாலரைக்கு ஒரு பூனைப்பருந்து வந்தது. இறங்கவில்லை, புல்லுக்கு மேலே இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. அடுத்த தடவை பார்த்தால் ஆறு. வெயில் சாயச் சாய எல்லாத் திசையிலிருந்தும் வர ஆரம்பித்தன, எல்லாம் தாழ்வாக, அவசரமே இல்லாமல். ஒன்று இறங்கினால் பக்கத்தில் இருப்பது எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றி வேறு இடம் பார்க்கும். பெர்த் பிரிக்கிறார்கள் என்றார் அப்பா, அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். சாம்பல் ஆண் ஒன்று காருக்கு முன்னாலேயே போனது, கறுப்புக் கோடு இல்லை, ஆப்பு இருந்தது. மகள் பாலிட் என்று கத்திவிட்டு, கத்தியதற்காகத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை வன்னி மரத்தில் ஓர் இம்பீரியல், வைக்கோல் பிடரியோடு, பத்து மணி வரை அசையவே இல்லை. செந்தலை வல்லூறு ஜோடி ஒரு வானம்பாடியைத் துரத்தியதையும் பார்த்தோம். ஒன்று விரட்ட, மற்றது முன்னால் போய்க் காத்திருந்தது. பிடிக்கவில்லை. புள்ளி மரமேறியும் கிடைத்தது, அதைப் பார்த்து மகிழ்ந்தது என் மனைவி மட்டும்தான்.

ஜோர்பீட் பற்றி என்ன சொல்ல. நாற்றம் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடுகிறது. மதியம் ஒரு மணிக்கு எங்கள் தலைக்கு மேலே அடுக்கடுக்காகச் சுழன்றன. கீழடுக்கில் ஸ்டெப்பி, மேலே கிரிஃபன், அதற்கும் மேலே பைனாகுலரில் மட்டும் தெரிகிற புள்ளிகள். மகள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அப்பா மஞ்சள்முகப் பாறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “திருக்கழுக்குன்றத்தில் ரெண்டு வந்ததற்கு ஊரே மலையேறிற்று. இங்கே இருநூறு உட்கார்ந்திருக்கிறது, நாம் நாலு பேர்தான்” என்றார். மின்கம்பத்தடியில் ஒரு ஸ்டெப்பி செத்துக் கிடந்தது. மகள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டர் ஊருக்கு வரும்போது அவரிடம் ஒப்படைக்கிறேன்.

கடைசிப் படத்தில் இருப்பது என்ன? தால் சாப்பர், கோசாலைப் பக்கம், மண்மேட்டில் உட்கார்ந்திருந்தது.

லென்ஸ்மணி
ஜனவரி 9, இரவு 9:40

சேக்கர் வல்லூறு! சந்தேகமே இல்லை. எவ்வளவு பெரிசு பாருங்கள். சார், உங்களுக்கு லாட்டரி. பறவைப் பதிவுத் தளம் ஈபேர்டில் உடனே போடுங்கள்.

தூரக்கண்ணாடி
ஜனவரி 9, இரவு 10:30

அவசரப்படவேண்டாம். மண்மேட்டில் தனியாக உட்கார்ந்தால் எந்த வல்லூறும் பெரிசாகத்தான் தெரியும். வயிற்றைப் பாருங்கள், மார்பிலிருந்து தொடை வரை ஒரே அடர் பழுப்பு. மீசைக் கோடும் தெளிவாக இருக்கிறது. இளம் லகர் அப்படித்தான் இருக்கும். சேக்கருக்குத் தலை நன்றாக வெளிறி, மீசை மெலிந்து, வயிற்றில் கோடு கோடாக இருக்கவேண்டும்.

லென்ஸ்மணி
ஜனவரி 9, இரவு 10:52

தலை வெளிறித்தானே இருக்கிறது?

தூரக்கண்ணாடி
ஜனவரி 9, இரவு 11:05

எதிர்வெயில். சிறகு விரித்த படம் ஏதாவது இருக்கிறதா? வாலில் வட்டப் புள்ளிகள் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். லகருக்கு நடுச் சிறகு வெறுமையாக இருக்கும்.

மயூர்விஹார்வாசி
ஜனவரி 10, காலை 7:10

பறக்கும் படம் ஒன்று இருக்கிறது, வால் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. இணைக்கிறேன். மகள் நோட்டுப் புத்தகத்தில் சேக்கர் என்று எழுதிவிட்டாள், மாற்ற மாட்டாளாம்.

ஆர்கேபுரம் அக்கா
ஜனவரி 10, காலை 8:00

என் கண்ணுக்கும் லகர்தான். லகரும் மட்டமில்லை, அதுவும் அருகிவருகிறது, இந்தியத் துணைக்கண்டத்தை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் அதிகம் கிடையாது. ஈபேர்டில் லகர் அல்லது சேக்கர் என்று பொதுவாகப் போட்டுவிடுங்கள், படத்தோடு. சரிபார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

முன்னாள் பீகானேர்
ஜனவரி 10, காலை 9:25

ஜோர்பீட்டில் பார்த்த ஸ்டெப்பி கழுகுகள் எங்கிருந்து வந்தன என்று மகள் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள் ஸ்டெப்பி கழுகுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி மாட்டியிருந்தார்கள். 2019-இல் ஒரு கழுகு கோடை முழுக்கக் கஜகஸ்தானில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்துவிட்டு நேரே ஈரானுக்குப் போய், சேர்ந்திருந்த செய்தி எல்லாவற்றையும் அங்கிருந்து ரோமிங்கில் அனுப்பியது. மொத்தப் பணமும் காலி. கட்டணம் கட்ட ஊரில் வசூல் செய்தார்கள், கடைசியில் தொலைபேசி நிறுவனமே விட்டுக்கொடுத்தது.

அப்புறம், உங்கள் மாடிப் பருந்துகளையும் இளக்காரமாக நினைக்கவேண்டாம். குளிர்காலத்தில் காஸிப்பூரில் சுற்றுகிறவற்றில் ஒரு பகுதி இமயமலைக்கு அப்பாலிருந்து வந்தவை. கருவி மாட்டிப் பார்த்ததில் கஜகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா வரை போயிருக்கின்றன. மஞ்சள்முகப் பாறும் அந்தக் குப்பைமேட்டில் உண்டு.

மயூர்விஹார்வாசி
ஜனவரி 10, இரவு 8:20

ரோமிங் கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா பதினெட்டாம் தேதிதான் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் தில்லிக்குப் பக்கத்தில் ஒரு காலை மட்டும் போய்வர இடம் சொல்லுங்கள்.

தூரக்கண்ணாடி
ஜனவரி 10, இரவு 9:05

சுல்தான்பூர் பறவைப் பூங்கா. குளிர்காலத்தில் பெரும்புள்ளிக் கழுகு ஏரிக்கரை மரத்தில் உட்காரும். மரத்தடி பெஞ்சு நிறைய உண்டு, அப்பாவுக்கு வசதி. மூட்டம் இருந்தால் ஒன்பதரைக்கு முன்னால் கிளம்பவேண்டாம். செவ்வாய் விடுமுறை.

லென்ஸ்மணி
ஜனவரி 10, இரவு 9:12

சனிக்கிழமை நானும் அங்கேதான் போகிறேன். கார் வேண்டாம் என்றால் துவாரகா செக்டர் 21 மெட்ரோ வாசலில் பத்து மணிக்கு ஏற்றிக்கொள்கிறேன் சார், பின்சீட்டில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. பாப்பா வந்தால் அந்த வால் படத்தின் அசல் கோப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரிதாக்கிப் பார்த்துவிடலாம்.